தூங்கினால் நின்றுவிடும் வண்டி

ஊரில் உள்ள ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையெல்லாம் தேய்த்து மடித்து அனுப்புகிறவளுக்கு இரண்டு வருடமாகத் தூக்கம் இல்லை. சலவை நிலையத்தில் உடன் வேலை செய்கிற பெண்களுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. "நீ தேய்ச்ச விரிப்புல படுத்தவன் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேங்கிறானாம், உனக்கு மட்டும் என்னடி?" என்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்து உதறுவாள். எதிரே நிற்பவள் மறுமுனையைப் பிடிப்பாள். ஈரத்துணி சூடான உருளைக்குள் ஆவி பறக்க நுழைந்து, அந்தப் பக்கம் விறைப்பாக வெளியே வரும்.

அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. பால் குடித்தாள். மாத்திரை போட்டாள். தலைமாட்டைக் கால்மாடாக்கிப் படுத்துப் பார்த்தாள். எதற்கும் தூக்கம் பிடிகொடுக்கவில்லை. அது வந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: கணவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் பின் இருக்கை.

அது நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. முன்னால் காற்றைத் தடுக்க ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள், பின்னால் உட்காருபவருக்கு நாற்காலி மாதிரி ஒரு சாய்மானம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் தடியன். ஓட்டுகிறவரோ ஒல்லி. சிக்னலில் நிற்கும்போது யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்த மனிதருக்கு, நேராகப் போகவேண்டும் என்று ஆசை வந்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு தேநீர்க் கடை வரை போய்த் திரும்புவார்கள். கடைசி வீடும் கடைசி மதிலும் பின்னால் போனதும் என்ஜினின் சத்தம் ஒரே சீராகி, இருக்கை வழியாக முதுகெலும்புக்குள் ஏறும். மரங்கள் வரும், போகும். மரங்களுக்கு நடுவே வெயில் வரும், போகும். அவளுடைய கண் அவளைக் கேட்காமலேயே மூடிக்கொள்ளும்.

இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியில் பெண்டாட்டி தூங்குகிறாள் என்று தெரிந்தால் எந்தப் புருஷன் கூட்டிக்கொண்டு போவான்? அதனால் கடையில் இறங்கியதும் வழியெல்லாம் விழித்திருந்தவள் போலவே பேசுவாள். "அந்தப் பாலத்துல தண்ணி நல்லா ஓடுது பாத்தீங்களா" என்பாள். பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

முதலில் அது கோழித்தூக்கமாகத்தான் இருந்தது. மழைக்காலம் முடிந்த பிறகு எப்படியோ ஆழமாகிவிட்டது. ஆழத்தில் கனவு இருந்தது.

எப்போதும் ஒரே கனவு. சிமெண்டுத் தரை போட்ட ஒரு நீண்ட நடை. தரையில் ஈரக்கால் தடங்கள். நடையின் கோடியில் ஒரு சமையலறை, வாசலில் பூப்போட்ட திரை. திரைக்கு அப்பால் குழாயில் தண்ணீர் விழுகிறது, பாத்திரம் ஒன்றோடொன்று இடிபடுகிறது. தேய்ப்பது தன் தங்கைதான் என்று அவளுக்குத் தெரியும். பாத்திரத்தை அப்படி நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி போட்டு உருட்டுகிறவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அக்கா ஈரத்தடங்களின் மேலேயே கால் வைத்து நடப்பாள். கை திரையைத் தொடும். அந்த நொடியில் எல்லாச் சத்தமும் நின்றுவிடும்.

கண்ணைத் திறந்தால் சாலையோரம். தடியன் நின்றிருக்கும். கணவர் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டிருப்பார், அது வெறுமனே சுற்றும். இவள் இறங்கி நிற்பாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, இதைப் பார்த்து அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

தங்கை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உடனே புறப்பட்டு வா என்று போன் வந்தபோது இவள் உருளைக்குப் பக்கத்தில் நின்றாள். இன்னும் ஒரு தள்ளுவண்டி விரிப்பு பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். முடித்துவிட்டுத்தான் போனாள். போனபோது தங்கையின் முகத்தை மூடியிருந்தார்கள். மூடியிருந்ததும் அதே மாதிரி ஒரு வெள்ளை விரிப்புதான்.

ஆகவே வண்டி நிற்பதற்கு அவள் மனதில் ஒரு காரணம் தயாராக இருந்தது. அது வெளியே சொல்லக்கூடிய காரணம் இல்லை. தங்கை கோபமாக இருக்கிறாள். அக்கா முகத்தில் விழிக்க அவளுக்கு விருப்பமில்லை. திரையைத் தொட்டதும் ஸ்விட்சை அணைத்துவிடுகிறாள்.

கணவருக்கு அந்த மாதிரிக் காரணங்களெல்லாம் வராது. லிஃப்ட் வேலையில் அவர் கற்றது ஒன்றுதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், ஓட்டிப் பார்த்தார். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், ஓட்டிப் பார்த்தார். பேட்டரி வயர், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாகப் போனார். தனியாக ஓட்டினால் தடியன் பூனைக்குட்டி. எவ்வளவு தூரம் போனாலும் நிற்காது. வீட்டுக்கு வந்து, "சரியாயிடுச்சு, வா போகலாம்" என்பார். அவளை ஏற்றிக்கொண்டு போனால் நடுவழியில் நிற்கும்.

"பாரம்தான் காரணமோ என்னவோ" என்று ஒருநாள் யோசித்தார். "உன் எடை எவ்வளவு?"

"எதுக்கு?"

"எனக்கு இல்ல, வண்டிக்கு."

அவள் ஒரு கணக்குச் சொன்னாள். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அதற்கு மேலேயே கொஞ்சம் மணல் சேர்த்து மூட்டை கட்டிப் பின் இருக்கையில் உட்காரவைத்தார். மூட்டையோடு ஏரியைச் சுற்றிவிட்டு வந்தார். எங்கும் நிற்கவில்லை.

"மூட்டையோட நல்லாப் போகுது" என்றார்.

"அப்ப மூட்டையையே கட்டிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவர் வெகுநேரம் மண்டையைச் சொறிந்துகொண்டு ஷெட்டிலேயே நின்றார்.

கார்புரேட்டர் பார்க்கிற மெக்கானிக் வண்டியைப் பிரித்துத் துடைத்து மாட்டிவிட்டுக் கையை விரித்தார். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையின் நடுத்தடத்தில் தடியன் நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. அவர் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டார்.

அவளுடைய கொழுந்தனார் எதையும் கறாராக முடிக்கிற ஆள். ரெண்டே நாளில் வண்டியை வாங்க ஒருவரைப் பிடித்துவிட்டார். "இந்த வயசுல எதுக்கு அண்ணி இந்த வம்பு? ஒரு சின்னக் காரா வாங்கிடுங்க. ஏசியில ஜம்முனு போகலாம்" என்றார்.

ஜம்மென்று போகலாம்தான். கொழுந்தனாரின் காரில் அவள் பலமுறை போயிருக்கிறாள். ஒருமுறைகூடக் கண் அயர்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்குபவர் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்தபோது ஷெட்டின் கதவு அகலத் திறந்திருந்தது. தடியனைப் பாதி வெயிலுக்கு இழுத்து நிறுத்தி, அவர் துடைத்துக்கொண்டிருந்தார். டாங்கியை விளிம்பு வரை நிரப்பியிருந்தார். விற்கிற வண்டியைக் காலி வயிற்றோடு அனுப்பக் கூடாது என்பது அவருடைய நியாயம். கொடியில் காய்ந்த துணிகளின் நிழல் வண்டியின் மேல் அசைந்துகொண்டிருந்தது.

அவள் செருப்பைக் கழற்றாமலேயே நின்றாள். சொன்னால் இனி தூங்கவிட மாட்டார். சொல்லாவிட்டால் நாளைக்கு வண்டியே இருக்காது. எப்படிப் பார்த்தாலும் அந்தச் சமையலறை போய்விடும். சொல்லிவிட்டே போகட்டும் என்று தோன்றியது.

"ஏங்க, நான் உக்காந்தா அது நிக்கிறதில்ல. நான் தூங்கினாதான் நிக்குது."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஓடுற வண்டியில நான் தூங்குறேங்க. ரொம்ப நாளா. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"தூங்குவேன்னு தெரியும். ஹெல்மெட்ல பேசுறதுக்கு வயர் போட்டுக் குடுத்திருக்கேன்ல, உன் மூச்சு முழுக்க என் காதுக்குள்ளதான் வருது."

அந்த மைக்கை அவள் மறந்தே போயிருந்தாள். காது வரை சூடேறியது. "குறட்டையா?"

"அப்படியும் சொல்லிட முடியாது" என்று அவர் யோசித்துப் பதில் சொன்னார். "பிரஷர் குறைஞ்ச குழாய் மாதிரி."

"அப்ப பாலத்துல தண்ணி ஓடுதுன்னு நான் சொன்னப்பல்லாம்..."

"அந்த ஆறு வறண்டு ரொம்ப நாளாச்சு. நான்தான் ஆமா ஆமான்னேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஏன் கேக்கல?"

"கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு முழிச்சிருப்ப. ராத்திரியெல்லாம் நீ புரண்டு படுக்கிறது எனக்குத் தெரியாதா? இங்கயாவது தூங்கட்டும்னு விட்டேன். கழுத்து தொங்குதேன்னு மழைக்காலம் முடிஞ்சதும் உன் சாய்மானத்த ரெண்டு ஓட்டை பின்னால தள்ளி மாட்டினேன். நீ தூங்குற வண்டி நடுரோட்டுல நிக்க ஆரம்பிச்ச பிறகுதான் பயம் வந்துடுச்சு."

சொல்லிவிட்டு அவர் துணியைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தில் ஒரு மாறுதல் வந்தது. லிஃப்ட் எந்த மாடியில் சிக்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற நாட்களில் அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

"தூங்கும்போது மட்டும்தானா? நிச்சயமா?"

"நிச்சயமா."

"தூங்கும்போது எப்படி உக்காந்திருப்ப?"

"தூங்குறவளப் போய்க் கேட்டா?"

அவர் வண்டியை வாசலுக்கே தள்ளி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினைப் போட்டார். அவளை ஏறி உட்காரச் சொன்னார். "தூங்கு."

"விளையாடுறீங்களா? தெருவுல எல்லாரும் பாக்குறாங்க."

"சரி, தூங்குற மாதிரி சாஞ்சுக்க."

அவள் சாய்ந்துகொண்டாள். அவர் பக்கத்தில் நின்று ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

"நீ பாசாங்கு பண்ற. உன் எடைய நீயே தூக்கிக்கிட்டு இருக்க. அப்படியே விடு."

தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். தோளில், இடுப்பில், பல்லில்கூட. ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தாள். சாய்மானம் முனகிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பின்னால் போனது. கொடியில் துணிகள் அசைந்தன. மூடிய இமைக்கு மேல் வெயில் வந்தது, நிழல் வந்தது, மறுபடி வெயில் வந்தது. என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ தொலைவில் ஈரத்தரையின் வாசனை வருவது போல் இருந்தது. அப்புறம் தடியன் ஒருமுறை இருமியது. இன்னொருமுறை இருமிவிட்டு நின்றது.

அவள் வழக்கம்போல் இறங்கப் போனாள்.

"எறங்காத. அப்படியே இரு."

எத்தனையோ முறை நின்றிருக்கிறது. அத்தனை முறையும் வண்டி நின்றதும் அவள்தான் முதலில் இறங்கியிருக்கிறாள். அவள் இறங்காமல் இருக்கும்போது அவர் வண்டியைத் திறந்து பார்த்ததே இல்லை. இப்போது அவர் சுற்றிவந்து பெட்ரோல் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே போகிற சத்தம். வெகுநேரம் மூச்சை அடக்கி வைத்திருந்தவர் ஒருவழியாக இழுத்துக்கொள்வது போல இருந்தது.

இந்த வண்டியில் பெட்ரோல் டாங்கி இருக்கைக்கு அடியில் இருக்கிறது, மூடி மட்டும் முன்னால். பெட்ரோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கென்று ஒரு மெல்லிய ரப்பர் குழாய் உண்டு. காற்று வராவிட்டால் பெட்ரோலும் நகராது. அவர் மண்டிபோட்டு, டார்ச்சை அடித்து, பின் இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்தார். நுழைத்த தலை வெளியே வரவே இல்லை.

"என்னங்க?"

"என் போல்ட்டு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"என்ன போல்ட்டு?"

"சாய்மானத்த பின்னால தள்ளினப்ப பழைய போல்ட்டு எட்டல. நீளமா ஒண்ணு போட்டேன். நீ முழுசா சாஞ்சா அதோட முனை எறங்கி வந்து காத்துக் குழாய நசுக்குது. நீ எறங்கினதும் விட்டுடுது." தலை வெளியே வந்தது. மூக்கில் கிரீஸ். "மணல் மூட்ட எங்க சாயும்? அது நேரா உக்காந்திருந்துச்சு. நாலு மாசமா வண்டியில எல்லாத்தையும் மாத்தினேன், நான் போட்ட போல்ட்ட மட்டும் பாக்கல."

அவருக்குத் தன்மேல் இருந்த கோபத்தில், அவள் அழுவதை உடனே கவனிக்கவில்லை. கவனித்ததும் பதறிப்போய் எழுந்தார்.

"அப்ப அவ இல்ல" என்றாள் அவள்.

"எவ?"

அவள் வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சிமெண்டு நடை, ஈரத்தடம், பூப்போட்ட திரை, பாத்திரச் சத்தம். தள்ளுவண்டியில் மிச்சமிருந்த விரிப்புகளையும் சொன்னாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "அவதான் நிறுத்துறான்னு நினைச்சேன். நான் வரக்கூடாதுன்னு நிறுத்துறான்னு." மூக்கை உறிஞ்சினாள். "ரப்பர் குழாயாம்."

ஆறுதல் சொல்கிற கலை அவருக்கு எப்போதுமே கைவந்ததில்லை. கொஞ்ச நேரம் அவள் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ரம்பத்தை எடுத்து வந்து போல்ட்டின் முனையை அறுத்தார். அறுத்த இடத்தை அரத்தால் தேய்த்தார். ரப்பர் குழாயை அந்தப் பக்கத்திலிருந்து கழற்றி, இந்தப் பக்கமாகக் கொண்டுபோய்க் கிளிப் போட்டார். கையைக் கழுவிவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தார்.

"வண்டி விக்கல."

அந்தப் பக்கம் கொழுந்தனார் காச்மூச்சென்று கத்துவது அவளுக்கே கேட்டது.

"ஆமா, சரியாயிடுச்சு" என்றார் இவர். "இல்ல, வண்டி மேல தப்பு இல்ல. என் மேலதான்."

மறுநாள், வாங்குபவர் வந்திருக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். கடைசி மதில் பின்னால் போனது. என்ஜின் சீரானது. இன்று எதையும் மறைக்க வேண்டியதில்லை. அவள் தன் எடையை முழுசாகச் சாய்மானத்திடம் கொடுத்தாள். மரங்கள் வந்தன, போயின.

நடையில் ஈரத்தடங்கள் இருந்தன. அவள் நடந்தாள். பாத்திரம் உருண்டது. திரையைத் தொட்டாள். சத்தம் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் திரையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், நின்றுவிடுமோ என்று. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. விலக்கினாள்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். கன்னத்தில் சோப்பு நுரை. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். முகம் எப்போதும் இருக்கிற முகம்தான், கோபமெல்லாம் ஒன்றுமில்லை.

"வந்துட்டியாக்கா? வாயப் பாத்துக்கிட்டு நிக்காம இந்தத் தட்டெல்லாம் தொடச்சு வை."

ஒரு துணியைத் தூக்கி அவள்மேல் எறிந்தாள். அக்கா தட்டுகளைத் துடைத்தாள். நிறையத் தட்டுகள். ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். ஏன் தாமதம் என்று தங்கை கேட்கவில்லை. யாரைப் பற்றியோ என்னவோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசித் தட்டும் தீர்ந்ததும் தங்கை குழாயை மூடினாள். கையை உதறிக்கொண்டு பின்கதவு வழியாகக் கொல்லைப்புறம் போனாள். அக்கா துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள்.

கண்ணைத் திறந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவளே விழித்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் பெயர் தெரியாத பயிர், முன்னால் பார்த்தறியாத ஒரு குன்று. கணவரின் தோள்கள் மரக்கட்டையாக விறைத்திருந்தன.

"எங்கங்க இருக்கோம்?"

ஹெல்மெட்டுக்குள் அவர் குரல் வந்தது. "தெரியல."

"டீக்கடை?"

"எப்பவோ தாண்டியாச்சு."

"வழி தப்பிட்டீங்களா?" வாழ்நாளில் அவர் வழி தப்பி அவள் பார்த்ததில்லை.

"இல்ல. திரும்பணும்னா வேகத்தக் குறைக்கணும். குறைச்சா சத்தம் மாறும், நீ முழிச்சுடுவ." கொஞ்சம் தயங்கினார். "நீ சிரிச்ச. காதுல கேட்டுச்சு. அதான் நேராவே வந்துட்டேன். ரிசர்வுல ஓடிக்கிட்டு இருக்கு."

அவள் சாய்மானத்திலிருந்து முன்னால் வந்து, அவருடைய முதுகில் கன்னத்தை வைக்கப் பார்த்தாள். ஹெல்மெட் இடித்தது. அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"போதுங்க, நிறுத்துங்க" என்றாள். "தட்டெல்லாம் தொடச்சு முடிச்சாச்சு."